அப்பா கட்டத்திலும் என் நம்பர்தான்

குன்னூரிலிருந்து:

மாத நாவல் படிப்பதை விட்டுப் பல வருடமாகிறது. போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை, கரன்ட் இல்லை, செல்லில் சார்ஜும் இல்லை. கீழ் வீட்டு அக்கா, "இந்தா, அழுறதுக்கு ஒண்ணு" என்று ஒரு நாவலைக் கொடுத்தார். கணவன் விட்டுப்போன பெண், ஏழு வயது மகன், எஸ்டேட்டுக்குப் புதிதாக வரும் மேனேஜர். கதை எங்கே போய் முடியும் என்று அட்டைப் படமே சொல்லிவிடும்.

முதல் ஐம்பது பக்கம் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். எழுதியவர் மலை ஏறாதவர் போல. ஊட்டியில் பனி பஞ்சு பஞ்சாகக் கொட்டுகிறது. இங்கே உள்ளது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெளுத்திருக்கும். வெயில் வந்தால் போச்சு. கதாநாயகி வெள்ளைச் சேலையில் கொழுந்து பறிக்கிறாள், ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை. பையனுக்குக் காய்ச்சல் என்றதும் மேனேஜர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இருபது நிமிடத்தில் வந்து நிற்கிறான். 14 கொண்டை ஊசி வளைவு, முன்னால் லாரி, பர்லியாறில் யானை, எல்லாம் அவனுக்கு மட்டும் ஒதுங்கி வழிவிட்டிருக்கும்.

அப்புறம் அந்த ஸ்கூல் டைரி வந்தது. முதல் பக்கத்தில் அப்பா கைபேசி எண், அம்மா கைபேசி எண் என்று இரண்டு கட்டம். அவள் இரண்டிலும் தன் நம்பரையே எழுதுகிறாள். மேல் கட்டத்தில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து எழுதுகிறாள், வேறு ஆள் எழுதியது போல் தெரியட்டும் என்று.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானும் எழுதியிருக்கிறேன். சாய்க்கவில்லை; ஒன்று நீலப் பேனா, ஒன்று கறுப்பு. பள்ளியிலிருந்து லீவு என்று செய்தி வந்தால் எனக்கு இரண்டு தடவை வரும். "ஏம்மா உனக்கு மட்டும் ரெண்டு மெசேஜ்?" என்று ஒரு நாள் என் மகன் கேட்டான். நெட்வொர்க் கோளாறு என்றேன்.

நாவலில் அப்பா கையெழுத்து இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். மேனேஜர் வந்து கையெழுத்துப் போடுகிறான், காதல் பிறக்கிறது. இங்கேதான் எனக்குக் கோபம். மணமாகாத தாய், தந்தை யாரென்று சொல்லாமலே குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்குக்கூட அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று மாற்றிவிட்டார்கள். என் மகனைச் சேர்த்தபோதும் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. கவுன்டரில் இருந்தவர் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அடுத்த வருடம் கறுப்புப் பேனா.

கடைசிப் பக்கத்தில் பையன் ஓடிவந்து மேனேஜரை "அப்பா" என்கிறான். பத்து நாள் பழக்கம். என் மகன் பக்கத்து வீட்டு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டவன்.

பூம்பாறையிலிருந்து:

அக்கா, அந்தப் பையன் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அம்மாவுக்குப் பூண்டுத் தோட்டத்தில் கூலி வேலை. பழைய வார இதழ்களை எடைக்குப் போடுமுன் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கேட்டு வாங்கி வந்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டுவார். பூண்டு ஆய்ந்த கையோடு புரட்டிப் புரட்டி அந்தக் காகிதத்தில் வாசமே ஏறிவிட்டது. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "என் புத்தகத்தையும் அதுல சேத்துக்கச் சொல்லு" என்றார்.

கண் மங்கிய பிறகு என்னைத்தான் படிக்கச் சொல்வார். பிள்ளையோடு தனியாக நிற்கும் பெண் கதை என்றால் அடுப்பு வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். கல்யாணப் பேச்சு எடுக்கும் இடம் வந்ததும், "சரி, போதும், மூடி வை" என்பார். எந்தக் கதைக்கும் முடிவு கேட்டதில்லை.

மறுபடி குன்னூரிலிருந்து:

தம்பி, அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கீழ் வீட்டு அக்கா, "அழுதியா?" என்றார். டைரி வரும் இடத்தில் என்றேன். "டைரியா? அது எங்க வருது?" என்று அங்கேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.