14 பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

தாழ்வாரம்:
ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பும் சேர்த்தே 14 பிள்ளைகள்தான், ஆசிரியர்கள் இரண்டு பேர். தனியார் பள்ளி என்றால் வேனில் முக்கால் மணி நேரம். மாமியார் "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடமே போதும்" என்கிறார், கணவர் தயங்குகிறார். எல்லா வகுப்பையும் ஒன்றாக வைத்து எப்படிச் சொல்லித் தருவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
தங்கச்சி, இப்படி ஒரு ஈராசிரியர் பள்ளியில்தான் 11 வருடமாகத் தலைமையாசிரியராக இருக்கிறேன். இப்போது 17 பேர் படிக்கிறார்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.

ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் இன்னோர் அறை. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறோம்.

சுவரின் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்தே எழுதுகிற மாதிரி கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும், ஆளுக்கு ஒரு கட்டம். போன வருடம் ஒருத்தி 'ழ'வின் கீழ்ச் சுழிக்கு வந்ததும் சாக்பீசைத் தூக்கிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்து நாலு நாள் எழுத வைத்தேன். ஐந்தாம் நாள் நான் சத்துணவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நாற்பது பேர் வகுப்பாக இருந்தால் அந்தச் சுழி என் கண்ணிலேயே பட்டிருக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ ஒருவர் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்தான். அன்றைக்குப் பாடம் ஓடாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதோடு சரி. அப்புறம், ஒன்றாம் வகுப்பில் உங்கள் மகள் ஒருத்திதான் என்றால் யோசியுங்கள். சம வயதுத் துணை இல்லாமல் பிள்ளை ஏங்கிப்போகும்.

ஒருநாள் மணி அடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலேயே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஏதாவது ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள்.

மேலத்தெரு:
என் மகன் 9 பேர் மட்டும் இருந்த பள்ளியில் படித்தவன், இப்போது ஆறாம் வகுப்பு. வாசிப்பில், கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புதுப் பள்ளியில் ஒரு பிரிவிலேயே 38 பேரைப் பார்த்து முதல் மாதம் மிரண்டுவிட்டான், வாயே திறக்கவில்லை. கபடிக்கு ஆள் சேராத பள்ளியில் இருந்தவன் அல்லவா.

சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சேர்ந்துவிடுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று நாங்கள் அங்கே கேட்டுத்தான் வாங்கினோம்.

தாழ்வாரம்:
இன்று போய்விட்டு வந்தேன் அக்கா. ஒன்றாம் வகுப்பில் இவளோடு மூன்று பேர் இருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒரு பக்கம் படித்தான். 'காற்றாடி'யில் மட்டும் நின்றுவிட்டான். டீச்சர் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தார், அவனே கூட்டிப் படித்துவிட்டான். கணவரும் பக்கத்தில்தான் நின்றார். திங்கட்கிழமை சேர்க்கிறோம்.