புதுமைப் பெண் பணம் எனக்கு மட்டும் வரல, எங்க போய்க் கேக்க?

முக்கூடல்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில ஒரு கல்லூரியில பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கேன். ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊர்லயே அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆதார், மார்க் ஷீட்டு எல்லாம் வாங்கி கல்லூரியிலேயே ஏத்திட்டாங்க. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாசம் 1,000 ரூபாய் வருது. எனக்கு ஒரு மெசேஜ்கூட வரல.

ஆபீஸ்ல கேட்டா, "உன் பேரு ஏத்தாச்சு, பணமும் போயிருக்கு, பேங்க்ல கேளு"ங்காங்க. பேங்க்ல கேட்டா, "ஆதார் லிங்க் ஆயிருக்கு, எங்களுக்கு எதுவும் வரல"ங்காங்க. ரெண்டு பேரும் கோவமாப் பேசல, ஆனா அதுக்கு மேல யார்கிட்ட போகன்னு தெரியல.

அப்பா இல்ல. அம்மா பீடி சுத்துதாங்க. இந்தப் பணம் வரும்னு நம்பித்தான் அம்மா ஒரு சீட்டுல சேந்தாங்க. அடுத்த செமஸ்டர் ஃபீஸும் வந்துட்டு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை_குமார்:
அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான் அந்தத் திட்டம். உதவி பெறும் பள்ளின்னா கிடைக்காது தங்கச்சி. முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கிக் கொடு, ஃபீஸ் குறையும்.

கல்லூரி_அலுவலக_அக்கா:
குமார் தம்பி, அது பழைய நிலை. 2022 செப்டம்பர் 5-ல திட்டம் தொடங்கும்போது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பிள்ளைகளையும் சேத்தாங்க. 2024 டிசம்பர் 30-ல தூத்துக்குடியில வச்சுத்தான் தொடங்கி வச்சாங்க. அதனால இந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டு. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புல கவுன்சிலிங் வழியா சேந்தவங்களுக்கு. பி.எஸ்சி.க்கு அதை வாங்கிட்டு அலைய வேண்டாம்.

இப்ப உன் விஷயத்துக்கு வாரேன் பாப்பா. உன் கல்லூரி சொன்னதும் சரியா இருக்கலாம், பேங்க் சொன்னதும் சரியா இருக்கலாம். ஃபார்ம்ல நீ எழுதிக் கொடுத்த அக்கவுண்ட் நம்பரைப் பாத்து இந்தப் பணம் வராது. ஆதார் நம்பரை வச்சு அனுப்புவாங்க. என்.பி.சி.ஐ.ன்னு பேங்க்குகளுக்கு நடுவுல பணம் மாத்திவிடுற ஒரு தேசிய அமைப்பு இருக்கு. அவங்க பதிவுல அந்த ஆதார் கடைசியா எந்த பேங்க்கோட சேந்திருக்கோ, பணம் நேரா அங்கதான் போகும். ஒரு ஆளுக்கு நாலு பேங்க்ல கணக்கு இருந்து நாலுலயும் ஆதார் கொடுத்திருந்தாலும், மானியம், உதவித்தொகை போய்ச் சேருற இடம் ஒண்ணே ஒண்ணுதான்.

பேங்க்ல "லிங்க் ஆயிருக்கு"ன்னு சொல்றது பெரும்பாலும் கே.ஒய்.சி.க்கு, அதாவது கணக்கு வச்சிருக்க ஆள் யாருன்னு சரிபாக்கதுக்கு, ஆதார் கொடுத்ததைத்தான். என்.பி.சி.ஐ. சீடிங், அதாவது உதவிப் பணம் இந்த பேங்க்குக்கு வரட்டும்னு ஆதாரைப் பதியறது, வேற. அதுக்குத் தனியா ஒரு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்கணும். வருஷா வருஷம் எத்தனையோ பிள்ளைகள் இந்த ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாக்கேன். சேரும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த அலைச்சலே இருக்காது.

நீ முதல்ல செய்ய வேண்டியது இது. மைஆதார் தளத்துல ஆதார் நம்பர் போட்டு உள்ள போ. ஆதார்ல இருக்க போனுக்கு ஓ.டி.பி. வரும். அங்க 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்'னு ஒண்ணு இருக்கும். எந்த பேங்க், ஆக்டிவா இல்லையா, எந்தத் தேதியில பதிவாச்சுன்னு காட்டும். அக்கவுண்ட் நம்பர் காட்டாது. அதைப் பாத்துட்டு வந்து இங்க சொல்லு. அதுக்கு முன்னாடி வேற எந்த ஆபீஸுக்கும் பஸ் ஏறாத.

முக்கூடல்_பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா. ஆதார்ல அம்மா போன் நம்பர்தான் இருக்கு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாக்கேன்.

முக்கூடல்_பொண்ணு:
அக்கா, பாத்துட்டேன். இப்ப கல்லூரிக்காகத் தொடங்குன பேங்க் பேரே அதுல இல்ல! ஸ்கூல்ல ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்குன்னு எல்லாப் பிள்ளைகளுக்கும் சேத்துத் தொடங்குனாங்களே, அந்த பேங்க் பேரு காட்டுது. ஆக்டிவ்னும் போட்டிருக்கு. அந்தப் பாஸ்புக் டிரங்குப் பெட்டியில கிடக்கு. அம்மா பேரும் சேந்து இருக்கு.

கல்லூரி_அலுவலக_அக்கா:
அப்ப பணம் அங்க கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. மைனரா இருக்கும்போது தொடங்குன கணக்கு, அதான் அம்மா பேரு. உனக்கு 18 முடிஞ்சிருக்கும்ல? அப்படின்னா புதுசா கே.ஒய்.சி., உன் கையெழுத்து, போட்டோ எல்லாம் கொடுத்து மேஜர் கணக்கா மாத்தணும். அதுவரை எடுக்க விடமாட்டாங்க. ஆதார், பான் கார்டு இருந்தா அது, ரெண்டு போட்டோ எடுத்துக்கோ. அம்மாவையும் கூட்டிட்டுப் போ. அன்னைக்கு வேலை நின்னுரும்தான், ஆனா ஒரே நாள்ல முடிஞ்சிரும்.

ரெண்டு வருஷத்துக்கு மேல வரவு செலவு இல்லாம கணக்கு முடங்கிப் போயிருந்தாலும் பயப்படாத. அதைத் திரும்ப ஓட வைக்கக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. அங்க இருக்கதை எடுத்த பிறகு, இனிமே பாளையங்கோட்டை கணக்குக்கே வரணும்னா, அங்க போய் ஆதார் சீடிங் படிவம் கொடு. பழசுல இருந்து தானா மாறிரும். சில நாள் கழிச்சுத் திரும்ப ஸ்டேட்டஸ் பாத்துக்கோ.

பழைய கணக்குலயும் பணம் இல்லைன்னா மட்டும் திருநெல்வேலி மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போ. இந்தத் திட்டம் அவங்க துறைதான். ஸ்டேட்டஸ் பிரிண்டைக் கையில வச்சுக்கோ.

பாவூர்சத்திரம்_அண்ணாச்சி:
அம்மா பீடி சுத்துதாங்கன்னு எழுதியிருக்கியேம்மா, அதைப் பத்தி யாரும் சொல்லலயே. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தனியா கல்வி உதவித்தொகை கொடுக்குது. பட்டப்படிப்புக்கு வருஷம் 6,000, தொழிற்படிப்புன்னா 25,000. எங்க பக்கம், ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம்னு வீட்டுக்கு வீடு பீடி சுத்துதாங்க, ஆனா பள்ளிக்கூடத்தோட இந்த உதவி நின்னு போச்சுன்னு நெனச்சு காலேஜ் பிள்ளைகள் நிறைய பேரு விண்ணப்பிக்கிறதே இல்ல. அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அவங்க அம்மாமார் விரல் தேய உழைச்சதுக்குச் சேர வேண்டிய பணம்லா அது.

நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல முதல்ல ஓ.டி.ஆர். நம்பர், அதாவது ஒரே ஒரு தடவை பதிஞ்சு வாங்குற நம்பர், எடுக்கணும். போன்லயே முகத்தைக் காட்டிச் செய்யலாம். அம்மாவோட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேணும், முக்கூடல் பீடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காட்டுற அட்டைதான். ஆறு மாசமாவது வேலை பாத்திருக்கணும். தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்று இ-சேவையில போட்டு வாங்கிக்கோ. நீ விண்ணப்பிச்சதும் உன் கல்லூரி அதைச் சரிபாத்து மேல அனுப்பணும். அங்கதான் நிறைய விண்ணப்பம் தங்கிப் போகுது, அதனால போட்ட மறுநாளே ஆபீஸ்ல ஞாபகப்படுத்து. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினா இது கிடையாதுன்னு விதி இருக்கு. பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கும் போட்டிருந்தா எது கூடன்னு பாத்து ஒண்ணை எடுத்துக்கோ.

இதுவும் ஆதார் சீடிங் ஆன கணக்குக்குத்தான் வரும். அதனால அந்த அக்கா சொன்னதை முதல்ல முடி.

பேட்டை_குமார்:
திருத்தினதுக்கு நன்றிக்கா, என் தங்கச்சியும் உதவி பெறும் பள்ளிதான், இன்னைக்கே அவ கல்லூரியில கேக்கச் சொல்லுதேன். இன்னொண்ணு. "ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு போன் வந்தா நம்பாதீங்க. பணம் வரதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிடுங்க.

முக்கூடல்_பொண்ணு:
அக்கா, அண்ணாச்சி, பணம் இருக்கு! பாஸ்புக்குல என்ட்ரி போட்டுக் கொடுத்தாங்க. மாசா மாசம் ஆயிரம் ஆயிரமா விழுந்துருக்கு. மேஜரா மாத்த எழுதிக் கொடுத்தாச்சு, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்னாங்க. சீட்டுப் பாக்கியைக் கட்டிரலாம். சீடிங்கை இப்ப மாத்தல. இந்தக் கணக்கு ஊர்லயே இருக்கதால அம்மாவும் கூட வரலாம், இங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பீடி அட்டையில அம்மா பேரு 'சுப்புலட்சுமி', ஆதார்ல 'சுப்புலெட்சுமி'. அது பிரச்சினை ஆகுமா அண்ணாச்சி?

பாவூர்சத்திரம்_அண்ணாச்சி:
தமிழ் எழுத்துல மட்டும் வித்தியாசம்னா கவலைப்படாத, போர்ட்டல்ல இங்கிலீஷ்லதான் ஏத்தணும். ரெண்டு அட்டையையும் பக்கத்துல வச்சு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் இனிஷியலும் பாரு. அதுலயும் மாறியிருந்தா, விண்ணப்பிக்கதுக்கு முன்னாடி அட்டையைத் திருத்திக்கோ. அம்மா இலை வாங்குற கம்பெனியில எழுதி வாங்கிட்டு, அட்டை கொடுத்த ஆஸ்பத்திரியில கேட்டாப் போதும். கடைசித் தேதி போர்ட்டல் முகப்புலயே போட்டிருப்பாங்க, அதை இன்னைக்கே பாத்து வச்சுக்கோம்மா.