இறங்கினதும் செஸ்னா இடப்பக்கம் இழுக்குது, உதவுங்க

மஞ்சக்குப்பம்:
ஊரு கடலூர், விமானப் பயிற்சி வெளி மாநிலத்துல. லீவுக்கு வந்திருக்கேன், ஆனா நினைப்பெல்லாம் ரன்வேயிலதான். செஸ்னா 172, தனியா ஓட்டற சோலோ நெருங்குது. மெயின் சக்கரம் ரெண்டும் சென்டர்லைன்லதான் தொடுது. மூக்குச் சக்கரம் இறங்கின கையோட விமானம் இடப்பக்கம் திரும்புது. வலது ரடரை (வால் சுக்கானைத் திருப்புற மிதி) மிதிச்சா அடுத்த நொடி வலப்பக்கம் பாயுது. மூக்குச் சக்கரத்துல கோளாறா?

லாஸ்பேட்டை:
தம்பி, காத்து எந்தப் பக்கம்? தொட்டதும் யோக் (கையால பிடிச்சுத் திருப்புற ஸ்டியரிங்) எங்க இருக்கு?

மஞ்சக்குப்பம்:
இடப்பக்கம் முன்னாலேர்ந்து சார், 45 டிகிரி, வேகம் 12 நாட். தொட்டதும் யோக்கை நேராக்கி, மூக்கு சீக்கிரம் இறங்கட்டும்னு கொஞ்சம் முன்னால தள்ளுவேன். காலையில காத்தில்லாதப்ப நேராத்தான் ஓடுது.

லாஸ்பேட்டை:
அப்போ சக்கரத்து மேல சந்தேகம் வேண்டாம். உங்க கணக்குக்கு அதுல குறுக்கா அடிக்கிற பங்கு, அதாவது குறுக்குக் காத்து, எட்டரை நாட்தான். 172ல 15 நாட் குறுக்குக் காத்து வரைக்கும் இறக்கிக் காட்டியிருக்காங்க, கையேட்டுலயே இருக்கு. தரையில ஓடும்போது காத்து வாலைத் தள்ளும், மூக்கு காத்து வர்ற பக்கம் திரும்பும். யோக்கை நேராக்கினா இடது இறக்கையும் தூக்கும். அதனால தொட்ட பிறகும் யோக் இடப்பக்கமே இருக்கணும். வேகம் குறையக் குறைய இன்னும் திருப்பணும், கடைசியில முழுசா. முன்னால தள்ளறதை அடியோட விடுங்க. பின் சக்கரத்துல பாரம் குறைஞ்சு, ஒத்தைச் சக்கரத் தள்ளுவண்டி மாதிரி மொத்த விமானமும் மூக்கை ஊன்றிச் சுத்திடும். மூக்கை மேலயே பிடிச்சு வச்சு, வேகம் குறைஞ்ச பிறகு மெதுவா இறக்குங்க.

பாகூர்:
கால் வைக்கிற விதத்தையும் கவனிங்க தம்பி. குதிகால் தரையிலயே இருக்கட்டும். பாதம் மேல ஏறினா ரடரோட பிரேக்கும் சேர்ந்து அமுங்கும், வலப்பக்கம் பாயறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ரடரை ஒரே மிதியா மிதிக்காம, கொஞ்சம் மிதிச்சு விட்டு, மறுபடி மிதிங்க. பார்வை ரன்வே கடைசியில இருக்கணும். மூக்குக்கு முன்னாலயே பார்த்தா திரும்பறது தாமதமாத்தான் தெரியும். தொடுறதுக்கு முன்னாடியே கோணலா தெரிஞ்சா கூச்சப்படாம கோ-அரவுண்ட் போங்க, அதாவது இறங்காம மறுபடி மேல ஏறிடுங்க. அப்போ முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்தா மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர் ரெடியா இருக்கட்டும்.

லாஸ்பேட்டை:
லீவுலயே ஒரு கணக்கு போடுங்க. நம்ம லாஸ்பேட்டை (புதுச்சேரி விமான நிலையம்) ரன்வே 07, அதாவது 70 டிகிரி திசை. மதியக் கடல்காத்து 130 டிகிரியிலேர்ந்து 10 நாட்னு வைங்க. யோக் எந்தப் பக்கம்?

மஞ்சக்குப்பம்:
60 டிகிரி வித்தியாசம், குறுக்குக் காத்து ஏறக்குறைய 9. யோக் வலப்பக்கம், இடது ரடர். சரிதானே சார்?

லாஸ்பேட்டை:
சரி. போனதும் இதையெல்லாம் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. சோலோவுக்கு முன்னாடி அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, குறுக்குக் காத்துலயே இறக்கிப் பழகணும்னு கேளுங்க.