பைபாஸ் முடிந்த மறுநாள் ட்ரோபோனின் 3,840, பயப்பட வேண்டுமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. செவ்வாய்க்கிழமை பைபாஸ் நடந்தது, மூன்று கிராஃப்ட் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வைக்கிற மாற்றுக் குழாய்). புதன் காலை எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இப்போதுதான் என் போனுக்கு வந்தது. அதில் ட்ரோபோனின் ஐ 3,840 என்று சிவப்பில் இருக்கிறது, பக்கத்திலேயே 26-க்குள் இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். நெட்டில் தேடினால் ட்ரோபோனின் ஏறினால் மாரடைப்பு என்றே வருகிறது. அப்படியானால் ஆபரேஷன் நடக்கும்போதே இன்னொரு அட்டாக் வந்துவிட்டதா? ஹீமோகுளோபின் 8.4, சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற கிரியேட்டினின் 1.4 (முன்பு 1.0), உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற சிஆர்பி 142. ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்று டூட்டி டாக்டர் சொல்லிவிட்டார், மாமா அதற்காக அவரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஐசியுவில் ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள், அதில் அப்பா முகத்தைப் பார்ப்பதா இதையெல்லாம் கேட்பதா என்றே தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
தம்பி, இதய அறுவை ஐசியுவில் பதினொரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பைபாஸ் முடிந்து வந்தவர்களில் ட்ரோபோனின் 26-க்குள் இருந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த 26 ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களை வைத்து எடுத்த அளவு. உங்கள் அப்பாவுக்கோ மகாதமனியில் கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த திரவம் செலுத்தி இதயத்தையே நிறுத்திவைத்து, தையல் போட்டு, மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கிற புரதம், அது ரத்தத்தில் கசியத்தான் செய்யும். ஹார்ட்-லங் மெஷின் இல்லாமல் ஓடுகிற இதயத்திலேயே செய்திருந்தால் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக ஏறும்.

2022-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் விஷன் என்ற ஆய்வு வந்தது. 12 நாடுகள், 13,862 நோயாளிகள். பைபாஸ் மட்டுமோ அயோர்ட்டிக் வால்வு மட்டுமோ செய்தவர்களில், முதல் ஒரு நாளுக்குள் ட்ரோபோனின் லிட்டருக்கு 5,670 நானோகிராமைத் தாண்டியவர்களுக்குத்தான் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் கூடத் தொடங்கியது. அது அந்த 26-ஐப் போல 218 மடங்கு! அதற்கு முன்பு 10 மடங்கு தாண்டினாலே மாரடைப்பா என்று சந்தேகப்படலாம் என்று வரையறை வைத்திருந்தார்கள், ஆனால் பைபாஸ் செய்துகொண்ட கிட்டத்தட்ட எல்லோருமே அதைத் தாண்டிவிடுகிறார்கள். 5,670-ஐத் தாண்டினால் ஆள் போய்விடுவார் என்று அர்த்தமில்லை, கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். டாக்டரிடம் எண்ணைக் கேட்காதீர்கள். ஈசிஜியில் புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா, எக்கோவில் இதயத்தின் எந்தச் சுவராவது சரியாக அசையவில்லையா, பிரஷர் இறங்காமல் பிடித்துவைக்கிற மருந்தின் அளவு ஏறுகிறதா குறைகிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள்.

ரத்தம் விஷயத்தில் டாக்டர் சொன்னது சரி, மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 2017-ல் வந்த ட்ரிக்ஸ் ஆய்வில் 7.5-க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றுவது, 9.5-க்குக் கீழே போனாலே ஏற்றுவது என்று இரண்டையும் ஒப்பிட்டார்கள், முதல் பிரிவினருக்கு எந்த விதத்திலும் மோசமாகிவிடவில்லை. சிஆர்பி இரண்டாம் மூன்றாம் நாள் இன்னும் ஏறலாம், பதறாதீர்கள். எனக்கு உறுத்துவது கிரியேட்டினின்தான். 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலே சிறுநீரகத்துக்கு அடி பட்டிருக்கிறது என்றுதான் கணக்கு, அப்பாவுக்கு 0.4 ஏறியிருக்கிறது. மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி எதையும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆய்வகத்துக்காரி:
அக்கா சொன்னதோடு ஒன்று. யூனிட்டைப் பாருங்கள். லிட்டருக்கு 3,840 நானோகிராமும் மில்லிக்கு 3.84 நானோகிராமும் ஒன்றேதான், ஆனால் ஒரு லேபில் இப்படியும் இன்னொரு லேபில் அப்படியும் தருவார்கள், வீட்டில் ஆயிரம் மடங்கு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ட்ரோபோனின் ஐ வேறு, டி வேறு. ஐ-யிலேயே கம்பெனிக்குக் கம்பெனி பரிசோதனைக் கிட் மாறும், எண்ணும் மாறும். அந்த 5,670 ஒரு குறிப்பிட்ட கிட்டில் வந்த எண், வேறு கிட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. அதனால் ஒரே லேபில் எடுத்த அடுத்தடுத்த ரிப்போர்ட்டை வரிசையாக வைத்து, இறங்குகிறதா என்று பாருங்கள். ஒருநாள் இறங்கிவிட்டு மறுபடி ஏறினால் அன்றைக்கே கேட்டாக வேண்டும்.

நெல்வயல்:
ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற எண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். எங்கள் அம்மாவுக்கு வால்வு மாற்றும் முன்பே ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து குறைவு என்று ரிப்போர்ட்டிலேயே இருந்தது. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள், அந்த மூன்று வாரத்தில் ஒரு இரும்புச்சத்து ஊசி போட்டிருக்கலாம், யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் நான்கு யூனிட் ரத்தம், ஒன்பது நாள் ஐசியு. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், ஆனாலும் அந்த ஒன்பது நாளை மறக்க முடியவில்லை. அவசரமில்லாத ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஹீமோகுளோபின், அல்புமின் (ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம்), ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) மூன்றையும் முன்னாலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். ட்ரோபோனினை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, ரத்தசோகையையும் சர்க்கரையையும் ஓரளவு சரிசெய்ய முடியும்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சாயங்காலம் உள்ளே விட்டபோது அந்த மூன்றையும் கேட்டேன். ஈசிஜியில் மாற்றம் இல்லை, எக்கோ பழையபடியே இருக்கிறது, பிரஷர் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். இன்று காலை எடுத்த ட்ரோபோனின் 1,310, அதே லேப், அதே யூனிட், பார்த்துவிட்டேன். கிரியேட்டினின் 1.4-லேயே நிற்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, நாளைக் காலை மறுபடி எடுக்கிறார்கள். ஹெச்பிஏ1சி பழைய ஃபைலில் இருந்தது, 9.1. அதை இத்தனை நாள் யாருமே எடுத்துப் பார்க்கவில்லை, நானும்தான். அக்கா, நாளைக்குக் கிரியேட்டினின் வந்ததும் இங்கேயே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
போடுங்கள் தம்பி. எனக்கு நாளைக்கும் நைட் டூட்டிதான், காலையில் வீட்டுக்கு வந்ததும் பார்த்துவிடுகிறேன்.