பொருள்: சீன மருத்துவ வழிகாட்டுநெறி – ‘ஜெங்’ என்பதற்குத் தமிழ்?

அன்புள்ள குழுவினருக்கு,

சீன மருத்துவத்துக்குச் சிகிச்சை வழிகாட்டுநெறி எழுதும் முறை பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறோம்: ஒரே நோயிலும் நோயாளியின் அப்போதைய உடல்நிலையைக் குறிக்கும் சீனச் சொல் ‘ஜெங்’. பரிந்துரை அட்டவணையில் ஒரு வரிசை இப்படி வருகிறது: நோய் – ஒற்றைத் தலைவலி. ஜெங் – கல்லீரல் யாங் (வெப்பத் தன்மை) மேலெழுதல். அறிகுறி – தெறிக்கும் வலி, சிடுசிடுப்பு, சிவந்த நாக்கு, நாண்போல் விறைத்த நாடி. மருந்து – தியன்மா கௌதெங் கஷாயம். முதல் வரைவில் ஜெங்கையும் ‘அறிகுறி’ என்றே போட்டதால் இரண்டு கட்டங்களுக்கு ஒரே தலைப்பு விழுந்துவிட்டது.
– மா.

மா. அவர்களுக்கு,
‘கூட்டறிகுறி’ (சிண்ட்ரோம்) போதும். மருத்துவ மாணவர்களுக்குப் பழகிய சொல்.
– செ.

செ. ஐயா, அது பொருந்தாது. டவுன் கூட்டறிகுறி என்றால் ஆயுளுக்கும் அதேதான். ஜெங் அப்படியில்லை. பார்த்து, கேட்டும் முகர்ந்தும், விசாரித்து, தொட்டு – நான்கு வழியிலும் தேர்ந்தபின் மருத்துவர் இன்றைய நிலையைப் பற்றிச் செய்யும் முடிவு அது. தலைவலி அதேதான், ஜெங் இடையில் மாறும், மருந்தும் மாறும். 2022-இல் நடைமுறைக்கு வந்த, உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-11-இன் 26-ஆம் அத்தியாயமும் ‘சிண்ட்ரோம்’ என்று சொல்லாமல் ‘பேட்டர்ன்’ என்றே சொல்கிறது.

இது வெறும் சொல் சண்டையும் அல்ல. ஆய்வுச் சான்றை மதிப்பிடும் கிரேடு (GRADE) முறையில் சான்றின் உறுதி நான்கு படி: உயர், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு. ஆய்வில் ஆள் சேர்த்தது நோயைப் பார்த்து, பரிந்துரை எழுதுவதோ ஜெங்கைப் பார்த்து என்றால், அந்தச் சான்று நேரடியானதல்ல. ஒரு படி இறக்க நேரும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், இறக்க வேண்டிய இடமே குழுவின் கண்ணில் படாது.
– ர.

சீன எழுத்தைப் பாருங்கள். ஜெங்கில் ‘பேச்சு’ உறுப்பு இருக்கிறது. சாட்சி சொல்வது என்பதே அதன் மூலப்பொருள். சாட்சிக்கு நம்மிடம் ‘கரி’ இருக்கிறதே! குறளில் ‘இந்திரனே சாலுங் கரி’. அந்தச் ‘சாலும்’ என்பதில் உள்ள சால்தான் சான்றுக்கும் வேர். நோய்க்கு உடல் சொல்லும் கரி: ‘பிணிக்கரி’.
– பு.

புலவர் ஐயா, வேர் அழகுதான். ஆனால் இதே கையேட்டில் மாசிபத்திரி இனத்து இலையைப் பற்றவைத்துச் சூடு காட்டும் அத்தியாயம் வருகிறது. அங்கே ‘கரி’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? ‘சான்று’ம் ஏற்கெனவே எவிடென்ஸுக்குப் போய்விட்டது.
– மா.

அப்படியானால் ‘மெய்ப்பாடு’. அகத்து நிலை உடம்பில் புலப்படுவது.
– பு.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொன்னது நகை, அழுகை முதலான உணர்வுகளுக்கு. கல்லீரலை அதில் நுழைக்க வேண்டாம்.

‘பிணிக்கோலம்’ எப்படி? மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம் – ஆள் ஒருவர், கோலம் வேறு. ‘இடையில் மாறும்’ என்று ர. சொன்னது அதில் தானே வந்துவிடுகிறது. கிளிக்கூடு போல வல்லினம் மிகுவதும் சரி.
– தே.

நோயாளி கையில் கொடுக்கும் தாளில் ‘உங்கள் பிணிக்கோலம்’ என்றிருந்தால் அலங்கோலம் என்றுதான் காதில் விழும். பேசாமல் ‘ஜெங்’ என்றே எழுதுங்கள்.
– செ.

அதிலும் சிக்கல். அறிகுறிக்கான சீனச் சொல்லும் ஜெங்தான், ஒலிப்பும் நான்காம் தொனியே. எழுத்தில் மட்டும் ‘நோய்’ உறுப்பு வரும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.
– ர.

சரி. அட்டவணையில் ‘பிணிக்கோலம்’, முதலில் வரும் இடத்தில் ‘இப்போதைய உடல்நிலை பற்றி மருத்துவர் தேர்ந்த முடிவு’ என்று ஒரு வரி. நோயாளி தாளில் ‘உங்கள் உடல்நிலை வகை’. நாளை காலைக்குள் வேறு சொல் வந்தால் மாற்றுகிறேன்.
– மா.

நோயாளிக்கு ‘வகை’ புரியுமென்றால் மருத்துவருக்கு மட்டும் ஏன் ‘கோலம்’? என் வாக்கு கூட்டறிகுறிக்கே.
– செ.