கடையில் வாங்கிய பிராஜெக்ட்: பொறுப்பு யாருடையது?

சுண்ணக்கட்டி எழுதியது:

தென்மாவட்டத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் 11 ஆண்டுகளாக மின்னணுவியல் கற்பித்து வருகிறேன். இந்தப் பருவத்தில் என் மேற்பார்வையில் நான்கு குழுக்கள் இறுதியாண்டு பிராஜெக்ட் செய்கின்றன. அவற்றுள் மூன்று குழுக்கள் பிராஜெக்டுகளைச் செய்து விற்கும் நகரத்துக் கடையான பிராஜெக்ட் சென்டரில் அதை விலைக்கு வாங்கியிருக்கின்றன என்பது சென்ற வாரம் உறுதியாயிற்று. ஒரு குழுவின் அறிக்கையில் 32ஆம் பக்கத்தில் வேறொரு கல்லூரியின் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மண்ணின் ஈரத்தை அளந்து தானாக நீர் பாய்ச்சும் கருவியைக் கொண்டுவந்த இன்னொரு குழுவிடம், ஈரம் குறைந்தால் உணரியின் அளவு கூடுமா குறையுமா என்று கேட்டேன்; மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னபோது, ஏப்ரலில் வைவாவை (வாய்மொழித் தேர்வை) வைத்துக்கொண்டு இதைக் கிளற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பு மாணவனுடையதே. வாக்களிக்கும் வயதைக் கடந்தவன், வீட்டில் பணம் கேட்டு வாங்கி, பேருந்து ஏறிப் போய், பேரம் பேசி, பிறர் செய்த பொருளைத் தன்னுடையது என்று என் மேசைமீது வைக்கிறான். இதில் எந்தக் கட்டத்திலும் அவன் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நான்காவது குழு அதே வகுப்பில், அதே ஆசிரியர்களிடம் படித்தவர்கள்தாம். அவர்கள் எதையும் வாங்காமல் தாமே முயன்றிருக்கிறார்கள். அப்படியிருக்கச் சூழ்நிலையைக் குறைசொல்வதற்கு என்ன இடமிருக்கிறது?

அரியர்ராசா எழுதியது:

ஐயா, வணக்கம். அந்த மூன்று குழுக்களின் இடத்தில் ஒருகாலத்தில் இருந்தவன் நான். எங்கள் குழுவும் வாங்கிய பிராஜெக்டோடுதான் வைவாவுக்குப் போனது. அது தவறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் "மாணவனுடையதே" என்று நீங்கள் போட்ட அந்த ஏகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் எட்டாம் பருவ பிராஜெக்டுக்கு வாரத்துக்கு 20 மணி நேரமும் 10 கிரெடிட்டும் ஒதுக்குகிறது. எங்கள் கல்லூரியில் அந்த 20 மணி நேரம் கால அட்டவணையில் மட்டுமே இருந்தது. ஆய்வகம் பூட்டிக் கிடக்கும். சாவி வைத்திருந்த உதவியாளரைச் சேர்க்கைக்கு ஆள்பிடிக்க ஊர் ஊராகப் பள்ளிகளுக்கு அனுப்பியிருப்பார்கள். வழிகாட்டி என்று ஏட்டில் இருந்தவரை நான்கு மாதங்களில் மூன்று முறை பார்த்தோம். முதல் ரிவ்யூவுக்கு (இடைக்கால மதிப்பீட்டுக்கு) முன்பே எங்களிடம் "எந்த சென்டர்?" என்று கேட்டவர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள் என்றும், 224 கல்லூரிகளுக்கு இதில் தொடர்பு உண்டு என்றும் 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதை எல்லோரும் படித்தோம். மற்றவர்கள் அதைச் செய்தியாகப் படித்திருக்கலாம். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் காணாமல் போகும் "பேராசிரியர்களை" நாங்கள் முதலாமாண்டிலிருந்தே பார்த்து வந்தோம். அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் நாங்கள்தான். ஆள்மாறாட்டம் என்ற சொல்லைத் தேர்வறையில் மட்டும்தான் பயன்படுத்த வேண்டுமா?

ஓய்வுபெற்ற டீச்சர் எழுதியது:

தம்பிகள் இருவரும் கதையைக் கல்லூரியிலிருந்து தொடங்குகிறீர்கள். அது எங்களிடம் தொடங்கியது என்பதை ஒருவராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு பல பள்ளிகளில் எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்த இரகசியம். சென்ற ஆண்டு மாணவியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் இந்த ஆண்டு மாணவி எழுதுகிறாள். படத்தை வரைந்து கொடுப்பது வீட்டிலிருக்கும் அக்காவோ அண்ணனோ. தரம்பார்த்தல் சோதனையில் பியூரெட் குழாயின் அளவு எவ்வளவு வர வேண்டும் என்பது சோதனை தொடங்குமுன்பே வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கும். உப்புப் பகுப்பாய்வில் யாருக்கு எந்த உப்பு என்பதை ஆய்வகத்தில் இருப்பவரே மெல்லச் சொல்லிவிடுவார். நானும் ஓராண்டு சொல்லியிருக்கிறேன். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் ஆசிரியர்களை மாவட்டக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நான் அப்படி நின்றிருந்தேன்.

தனியார் பள்ளிகளின் கதை வேறு வகையானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டுகள் ஓட்டியவர்களை வழிக்குக் கொண்டுவரத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். செய்யாததைச் செய்ததாக எழுதலாம், அளக்காததை அளந்ததாகக் காட்டலாம், அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும் என்பதைப் பதினேழு வயதில் ஆசிரியரின் கண்முன்னால் கற்றுக்கொண்ட பிள்ளை, இருபத்தொரு வயதில் அதைத்தான் கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறது.

சட்டப்புள்ளி எழுதியது:

பொறுப்பைச் சட்டம் எப்படிப் பங்கிடுகிறது என்பதைப் பார்த்தால் விவாதம் கொஞ்சம் தெளியலாம். நீட் வினாத்தாள் கசிவைப் பற்றிய புகார்களும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வு நடந்த மறுநாளே ரத்தானதும் நாட்டை உலுக்கிய 2024 ஜூனில்தான், அதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்த பொதுத்தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முறைகேடு செய்வோருக்கு 3 முதல் 5 ஆண்டுகள் வரையிலும், கூட்டாகத் திட்டமிட்டுச் செய்தால் 5 முதல் 10 ஆண்டுகள் வரையிலும் சிறை. பின்னதற்கு அபராதம் குறைந்தது ஒரு கோடி ரூபாய். ஆனால் தேர்வெழுதும் மாணவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. அவரைத் தேர்வு நடத்தும் அமைப்பின் விதிகளுக்கு விட்டுவிடுகிறது. விற்பவனையும் வாங்குபவனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியவர்களே கருதியிருக்கிறார்கள் என்று இதைக் கொள்ளலாம். 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலில் வெளிப்பட்ட நீட் ஆள்மாறாட்ட வழக்கில் மாணவர்களோடு தந்தையர் சிலரும் கைதானதை இங்கே நினைவூட்டுகிறேன்.

கல்லூரி பிராஜெக்ட் இந்தச் சட்டத்துக்குள் வராது. வேறு எதற்குள் வரும் என்று தேடினால் வியப்பாக இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவையே ரத்து செய்யச் சொல்கின்றன. ஆனால் எவை இந்த விதிகளுக்குள் வரும் என்று வரையறுக்கும் இடத்திலேயே, பயிற்சிக் கட்டுரைகளும் பிராஜெக்ட் அறிக்கைகளும் விடைத்தாள்களும் சேரா என்று விலக்கிவைத்துவிட்டார்கள். சுண்ணக்கட்டி ஐயாவின் மேசையில் கிடக்கும் மூன்று புத்தகங்களைத் தொடுவதற்குக் கல்லூரியின் மனசாட்சியைத் தவிர வேறு கருவியில்லை.

சுண்ணக்கட்டி எழுதியது:

டீச்சர் அம்மா மனம் திறந்து எழுதியதற்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் எல்லோருடைய விளக்கத்தையும் கூட்டிப் பார்த்தால், தவறு செய்த ஒருவனைத் தவிர ஊரில் அனைவருமே பொறுப்பாளிகள் என்று வருகிறது. ஆசிரியர் பொய் சொன்னார், அதனால் நானும் சொன்னேன் என்பது வாதமாகுமானால், நாளை பாலத்தில் சிமெண்டைக் குறைக்கும் பொறியாளரும் இதையே சொல்வார். சட்டம் தண்டிக்காமல் விடுவது வேறு. குற்றமில்லை என்பது வேறு. சட்டப்புள்ளி அவர்கள் அந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பற்றாசு எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தபின் எழுதுகிறேன். நான் அந்தக் கடையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். பொறியியல் முடித்து வேலை கிடைக்காமல், மின்சுற்றில் ஈயம் பற்றவைக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் சேர்ந்தேன்.

தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். டிசம்பரில் தலைப்புப் பட்டியல் அச்சாகிவிடும். உள்ளே இருப்பது நிரலை ஏற்றி இயக்கும் ஓர் அர்டுயினோ பலகை, ஓர் உணரி, ரிலே என்னும் ஒரு மின்விசை, ஒரு சிறிய திரை. மண் ஈர உணரியைப் பொருத்தினால் வேளாண்மை பிராஜெக்ட். அதை எடுத்துவிட்டு வாயு உணரியைப் பொருத்தினால் எரிவாயுக் கசிவு எச்சரிக்கை. மீயொலி உணரியைப் பொருத்தினால் பார்வையற்றோருக்கான கைத்தடி, அதையே குப்பைத்தொட்டி மூடியில் ஒட்டினால் தூய்மை நகரத் திட்டம். நிரலில் நான்கைந்து வரிகள்தான் மாறும். அறிக்கை, விளக்கப் படவில்லைகள், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளும் விடைகளும் எல்லாம் சேர்த்துத்தான் விலை. கேள்விப் பட்டியலை நாங்களாகக் கற்பனை செய்து எழுதவில்லை. முந்தைய ஆண்டு வந்த மாணவர்கள் சொன்னதைத் தொகுத்தோம். ஐயா கேட்ட அந்த ஈர உணரிக் கேள்வி பட்டியலில் இருந்திருக்கும். பிள்ளைகள் படிக்காமல் வந்திருக்கிறார்கள்.

கடை நிலைத்திருந்தது மாணவர்களால் மட்டுமல்ல. மாணவர்களை அனுப்பிவைத்த ஆசிரியர்களுக்கு மே மாதத்தில் கமிஷன் கொடுத்தோம். அந்தக் கணக்கு நோட்டை எழுதியவன் நான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மாலை நேரத்தில் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லூரியில் ஒரு நாள்கூடத் தொட்டிராத சால்டரிங் அயர்னை முதன்முதலாகக் கையில் பிடித்துக் கற்றுக்கொண்டு போனவர்களும் உண்டு. விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனால் உண்டு. அவர்களையும் பொருளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனவர்களையும் கல்லூரியில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அரியர்ராசா எழுதியது:

பற்றாசு அண்ணன் சொன்ன பிறகு, பரணில் கிடந்த என் பிராஜெக்ட் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். தங்க எழுத்து பதித்த அட்டை இன்னும் மங்கவில்லை. உள்ளே தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து இருப்பது போனஃபைட் சான்றிதழ்: இந்த அறிக்கை என் மேற்பார்வையில் இம்மாணவர்கள் செய்த உண்மையான பணி என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் கீழ் இரண்டு கையெழுத்துகள், ஒன்று துறைத்தலைவருடையது, மற்றது வழிகாட்டியுடையது. என் கையெழுத்து புத்தகத்தில் எங்குமே இல்லை. நன்றியுரையில் பெயரோடு சரி.

ஐயா, நான் பொய்யான பொருளை மேசைமீது வைத்தேன், உண்மை. அதை மெய்யென்று எழுத்தில் உறுதிசெய்தவர் யார்? நீங்கள் அந்த மூன்று புத்தகங்களிலும் கையெழுத்திடப் போகிறீர்களா?

சுண்ணக்கட்டி எழுதியது:

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. சென்ற ஆண்டுகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்போது ஐயம் இருந்தது, உறுதி இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த முறை உறுதியாகத் தெரியும். கையெழுத்திட மறுத்தால் மூன்று குழுக்களும் வைவாவுக்குப் போக முடியாது, துறையின் தேர்ச்சி விழுக்காடு குறையும், ஜூன் மாதத்தில் என் பணி நீட்டிக்கப்படுமா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரியர்ராசா எழுதியது:

உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்பதால் நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். அரியர் விழுந்தால் கல்விக் கடனுக்குப் பொறுப்பேற்ற அப்பா முகத்தில் விழிக்க முடியாது என்பதால் நான் வாங்கினேன். உங்கள் அச்சத்தைச் சூழ்நிலை என்கிறோம், என் அச்சத்தைக் குற்றம் என்கிறோம்.

கலவை எழுதியது:

கட்டுமான நிறுவனத்தில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். நேர்முகத்தில் பிராஜெக்டைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டோம் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆசிரியரும் முன்னாள் மாணவரும் ஒருவர் அச்சத்தை ஒருவர் எடைபோட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இருவருமே ஏமாற்றப்பட்டவனைப் பற்றிப் பேசவில்லை. முதல் பதிவில் நான்காவது குழு ஒன்று வந்தது. மற்றவர்களைக் குற்றஞ்சாட்டுவதற்கு அவர்களைச் சாட்சியாக அழைத்தீர்கள், பிறகு யாரும் அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. அவர்கள் செய்த கருவி என்ன ஆயிற்று? அவர்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?

சுண்ணக்கட்டி எழுதியது:

மீன் வளர்ப்புக் குட்டையில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. உணரியின் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய உணரி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து பொருத்தினார்கள், அளவுகள் நிலையாக நிற்கவில்லை. இரண்டாம் ரிவ்யூவில் திரை எரிந்துபோனது. ஏன் நிலையாக நிற்கவில்லை என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம், நான் இந்த ஆண்டு கேட்ட விடைகளிலேயே சிறந்தது.

மூன்று ரிவ்யூக்களுக்கான மதிப்பெண் படிவத்தில் "கருவியின் செயல்பாடு" என்று ஒரு பத்தி இருக்கிறது. மற்ற மூன்று கருவிகளும் தடங்கலின்றி ஓடின; இவர்களுடையது ஓடவில்லை. ஆகவே நான்கு குழுக்களில் இவர்களுக்குத்தான் குறைவாகப் போட்டிருக்கிறேன். படிவத்தில் இருந்தபடி போட்டேன், அப்போது அதில் தவறொன்றும் தெரியவில்லை.

பட்டியலைத் துறைத்தலைவரிடம் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.