அப்டேட்: 42.195 கிலோமீட்டரும் ஓடி முடிச்சாச்சு!

டைப் 1 சர்க்கரை நோய் இருக்கற குழந்தைங்களோட இன்சுலின் செலவுக்காக சென்னை மாரத்தான் ஓடப்போறேன்னு போன மாசம் எழுதியிருந்தேன்ல, நல்லபடியா முடிஞ்சுதுங்க. விடியக்காலைல நேப்பியர் பாலத்துக்கிட்ட ஆரம்பிச்சப்ப உடம்பு லேசா இருந்துச்சு, 32-வது கிலோமீட்டர்ல தொடை பிடிச்சு இழுத்து நின்னுட்டேன், பாத்தா அம்மா உப்பு போட்ட மோரோட நிக்கறாங்க, அக்கா பையன் "மாமா ஓடு ஓடு"ன்னு கத்தறான், ஏழு வயசு, அவனுக்கும் தினமும் ஊசிதான், அவனப் பாத்ததும் அழுகையே வந்துடுச்சு. 5 மணி நேரம் 12 நிமிஷம்.

ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்க, எங்க தெரு மளிகைக்கடை அண்ணன் எல்லாரும் குடுத்தது மொத்தம் 64,500 ரூபாய், இன்சுலின் செலவுக்காக நிதி திரட்டறவங்ககிட்ட நேத்தே கட்டியாச்சு. டைப் 1ல உடம்பு கிட்டத்தட்ட இன்சுலின் சுரக்கறதே இல்ல, ஒரு நாள் கூட ஊசிய விட முடியாது. இன்னும் குடுக்கணும்னு கேட்டவங்களுக்கு, மாசக் கடைசி வரைக்கும் அவங்க பணம் வாங்கிக்கறாங்க.